ஆஸ்கருக்கு எத்தனை அடித் தொட்டி? யார் துணை?

கடையில் பார்க்கும்போது ஆஸ்கர் குஞ்சு 2 அங்குலம்தான் இருக்கும். கறுப்பு உடம்பில் ஆரஞ்சுக் கோடு ஓடினால் டைகர், வெளுத்த உடம்பில் சிவப்புத் திட்டு விழுந்தால் அல்பினோ என்பார்கள். பெயர் எதுவானாலும் இனம் ஒன்று, வளர்த்தியும் ஒன்று. தென் அமெரிக்காவின் அமேசான் படுகையைச் சேர்ந்த இந்த மீன், தீனி ஒழுங்காகக் கிடைத்தால் முதல் சில மாதங்களில் மாதம் ஓர் அங்குலம் வீதம் நீளும். ஓராண்டில் 8 முதல் 10 அங்குலம் ஆகிவிடும். முழுதாக வளர்ந்தது 12 அங்குலம். சில 14-ஐயும் தொடும். 10 ஆண்டுக்கு மேல் உயிரோடு இருக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால், அந்தப் பிள்ளை கல்லூரி முடிக்கும்போதும் மீன் வீட்டில் இருக்கும்.

இதையெல்லாம் கடையில் யாரும் சொல்வதில்லை; கேட்டால்தான் சொல்வார்கள். "அண்ணாச்சி, இது எவ்வளவு பெருசு வளரும்?" என்ற கேள்வியைக் காசு எடுப்பதற்கு முன் கேளுங்கள். "தொட்டிக்குத் தக்கன வளரும்" என்று பதில் வந்தால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடுங்கள். தொட்டிக்குத் தக்கபடி எந்த மீனும் தன் உடம்பைத் திட்டமிட்டுக் குறைத்துக்கொள்வதில்லை. சின்னத் தொட்டியில் கழிவு சேர்ந்து, தண்ணீர் கெட்டு, வளர்ச்சி தடைபடுகிறது. முதுகு வளையும், கண் மட்டும் பெரிதாகத் தெரியும், தலையில் சிறு குழிகள் விழும், ஆயுள் பாதியாகும். அது நோயில் தேங்கிய மீன்.

அதனால் இந்த அத்தியாயம் போகும் வரிசை கடை வரிசைக்கு நேர் எதிர். முதலில் தொட்டி, அடுத்து தண்ணீர், அதற்கடுத்து துணை மீன். ஆஸ்கர் கடைசியில்தான் வீட்டுக்கு வரும்.

தொட்டியைக் கடையில் அடிக்கணக்கில் சொல்வார்கள். நமக்கு வேண்டியது லிட்டர். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி, வரும் எண்ணை 28-ஆல் பெருக்குங்கள். 2×1×1 தொட்டி 56 லிட்டர். 3×1.5×1.5 சுமார் 190 லிட்டர். 4×1.5×2 தொட்டி 336 லிட்டர். விளிம்பு வரை நிரப்ப மாட்டோம், மணலும் கல்லும் கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொள்ளும். பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் கையில் நிற்பது 300 லிட்டர். ஒரே ஒரு ஆஸ்கருக்கு இதுதான் குறைந்த அளவு. ஆஸ்கரோடு துணை மீன்களும் வேண்டுமென்றால் 5×2×2, அதாவது 560 லிட்டர். இரண்டு ஆஸ்கர், கூடவே துணையும் என்றால் 6×2×2. 670 லிட்டருக்குக் குறையக் கூடாது.

இதில் பலரும் கவனிக்காமல் விடுவது அகலம். நம் பக்கம் தயாராக விற்கும் நாலடித் தொட்டிகளில் பல, 1 அடி அகலம்தான் இருக்கும். சுவரோரம் இடத்தை அடைக்காது, பார்க்கவும் நீளமாகத் தெரியும் என்று வாங்கிவிடுகிறார்கள். 12 அங்குல மீன் 12 அங்குல அகலத்தில் எப்படித் திரும்பும்? ஒவ்வொரு முறையும் உடம்பை மடக்கி, வாலைக் கண்ணாடியில் உரசித் திரும்ப வேண்டும். 18 அங்குல அகலத்துக்குக் கீழே போகவே கூடாது. 2 அடி கிடைத்தால் உயரத்தைக் குறைத்துக்கொண்டாவது அதை எடுங்கள். உயரத்தால் ஆஸ்கருக்குப் பெரிய பலனில்லை. 2 அடிக்கு மேல் போனால் அடிமணலைச் சுத்தம் செய்யக் கை எட்டாது. காற்றோடு உறவாடும் மேற்பரப்பும் உயரத்தால் கூடாது; நீளமும் அகலமும்தான் அதைக் கூட்டும்.

2 அடி உயரத் தொட்டிக்கு 10 மில்லிமீட்டர் கண்ணாடி. 6 அடி நீளம் என்றால் 12. ஒட்டிய சிலிக்கான் நன்றாகக் காய ஒரு வாரம் விடுங்கள். பிறகு வாசலில் வைத்தே தண்ணீர் நிரப்பி, இரண்டு நாள் கசிவு பார்த்து, அதன்பின் உள்ளே கொண்டுபோங்கள். ஸ்டாண்டைப் பட்டறையில் இரும்பு ஆங்கிளில் செய்யலாம். நான்கு காலும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்து வாங்குங்கள். ஸ்டாண்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் தெர்மாகோல் தகடு கட்டாயம்.

4×1.5×2 தொட்டி விளிம்பு வரை நிரம்பினால் தண்ணீர் மட்டும் 336 கிலோ. கண்ணாடி 65 கிலோ வரும். மணலும் ஸ்டாண்டும் சேர்த்தால் 450 கிலோவுக்குப் பக்கம். ஏழு பெரியவர்கள் ஒரே மூலையில் இரவு பகலாக நிற்கும் எடை இது. மரச் சட்டம் போட்ட பழைய மச்சு வீட்டில் மேல்மாடிக்கு இது ஆகாது. கான்கிரீட் தளம் என்றாலும் அறையின் நடுவில் வைக்காமல், கீழே பீம் ஓடும் சுவரை ஒட்டி வையுங்கள். தரைத்தளம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம்.

நம் ஊரான சங்கரன்கோவிலில் இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கூடம் இருக்கும் தெருக்கள் இங்கே நிறைய. தறி ஓடும்போது சுவர் அதிர்வது நமக்குப் பழகிவிட்டது. மீனுக்குப் பழகுவது கடினம். உடம்பின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோட்டால் தண்ணீரின் மிகச் சிறிய அசைவையும் மீன் உணரும். தறிக்கூடத்துச் சுவரில் தொட்டியை ஒட்டவே வேண்டாம். எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோங்கள். ஆடித்தபசுத் திருவிழா நாட்களில் வீடு கொள்ளாத கூட்டம் வரும். பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டும், ஆளுக்கொரு பிடி தீனி போடும். அந்த நாட்களில் தீனி டப்பாவைப் பூட்டி வைத்துவிட்டு ஒருவர் மட்டும் தீனி போடுங்கள்.

இனி தண்ணீர். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பிரிவு இரண்டு: நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர். ஆஸ்கர் கொஞ்சம் கடினமான போர் தண்ணீரையும் தாங்கும். பி.எச். 6 முதல் 8 வரை பழகிக்கொள்ளும். அதனால் ஆஸ்கருக்காக ஆர்.ஓ. தண்ணீரை விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. ஆனால் ஒரு வாரம் போர், மறுவாரம் குழாய் என்று மாற்றி மாற்றி ஊற்றாதீர்கள். எதை எடுக்கிறீர்களோ அதிலேயே நில்லுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும்; வாயகன்ற டிரம்மில் ஒரு நாள் திறந்து வைத்துக் காற்று விடுங்கள், அல்லது கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுப்படி கலந்து ஊற்றுங்கள்.

போர் தண்ணீரில் உண்மையான ஆபத்து உப்பு அன்று, அம்மோனியா. மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் அம்மோனியா வந்துகொண்டே இருக்கும். தண்ணீரின் பி.எச். 7-இலிருந்து 8-க்கு ஏறினால், அதே அளவு அம்மோனியாவில் நஞ்சாக இருக்கும் பங்கு ஏறக்குறைய 10 மடங்காகிறது. வெப்பம் கூடினாலும் அந்தப் பங்கு கூடும். காரத்தன்மை கூடிய தண்ணீர், சித்திரை வெயில், மெத்தைக் கான்கிரீட்டின் கீழ் ஓர் அறை: இந்த மூன்றும் சேர்ந்த வீட்டில் ஒரு சின்னத் தொட்டி, மென்தண்ணீர் ஊரில் இருக்கும் அதே தொட்டியைவிடப் பல மடங்கு ஆபத்தானது. வெளிநாட்டுப் புத்தகம் சொல்லும் குறைந்தபட்ச அளவை நாம் நிஜமாகவே குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்ள வேண்டியதன் காரணம் இதுதான். தண்ணீர் அதிகமிருந்தால் நஞ்சு நீர்த்துப்போகும், வெப்பமும் மெல்ல ஏறும்.

ஆஸ்கருக்கு இதமானது 24 முதல் 28 டிகிரி. கோடையில் நம் அறைகள் இதைத் தாண்டும். வெந்நீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் நிற்பது, 35 டிகிரியில் 7 ஆகிவிடும். மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள், மேசை விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் ஓடவிடுங்கள், தீனியைப் பாதியாக்குங்கள். பனிக்கட்டியைத் தொட்டியில் போடாதீர்கள். மின்வாரியம் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்தும் நாள் முன்கூட்டியே செய்தித்தாளில் வந்துவிடும். அன்றைக்கு மீனுக்குப் பட்டினி, பேட்டரியில் ஓடும் ஏர் பம்புக்கு வேலை.

வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்றியே ஆக வேண்டும். 300 லிட்டர் தொட்டிக்கு 75 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் ஐந்து குடம். 6 அடித் தொட்டி என்றால் பத்துக் குடம். தினம் தண்ணீர் வராத தெருவில் வாரம் பத்துக் குடம் மீனுக்கு என்று வீட்டில் முதலிலேயே பேசி முடிவெடுங்கள். குடிக்கத் தண்ணீர் பிடித்து வைக்கும் கை யாருடையதோ, அவரிடம் கேட்காமல் தொட்டி வாங்குவது நியாயமில்லை. வெளியே எடுக்கும் தண்ணீர் முருங்கைக்கும் தென்னைக்கும் நல்ல உரம், அது வீணாகாது. ஃபில்டர், மணிக்கு தொட்டித் தண்ணீரை ஐந்தாறு முறை சுற்றும் திறனோடு இருக்க வேண்டும். மூலையில் ஓடும் சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஆஸ்கரின் கழிவுக்குக் காணாது. புதுத் தொட்டியில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை பெரிய மீன் வேண்டாம்.

துணை மீன் விஷயத்தில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்கருக்குத் துணை தேவையே இல்லை. தனியாக வளர்க்கும் ஆஸ்கர் வீட்டாரை அடையாளம் கண்டு கண்ணாடியருகே வரும், தீனி நேரம் தெரிந்து காத்திருக்கும், நன்றாகவே வாழும். துணை வேண்டும் என்பது நம் ஆசை. அந்த ஆசைக்கு இடம், தண்ணீர், மின்சாரம் மூன்றும் இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

வாயில் நுழையும் எதுவும் துணையாகாது. கப்பி, மோலி, டெட்ரா, ஏஞ்சல் எல்லாம் இன்றைக்கோ ஆறு மாதம் கழித்தோ இரையாகிவிடும். "சின்னதிலிருந்தே சேர்ந்து வளர்ந்தால் தின்னாது" என்பது நடக்காத காரியம். தரையில் ஊரும் சிறு கோரிடோராஸ் கெளுத்தியைப் போட்டால் இரண்டுக்கும் கேடு. விழுங்கப் போகும்போது அதன் முள் விரிந்து ஆஸ்கரின் தொண்டையில் மாட்டிக்கொள்ளும். தங்கமீனும் வேண்டாம். அது மெதுவாக நீந்துவது, குளிர்ந்த தண்ணீரை விரும்புவது. அதையே இரையாக உயிரோடு போடுகிறவர்களும் உண்டு. தங்கமீனின் உடம்பில் உள்ள தயமினேஸ் என்னும் நொதி, தொடர்ந்து தின்னும் மீனின் பி1 சத்தைக் காலி செய்துவிடும். நல்ல பெல்லட், உரித்த இறால், மண்புழு போதும்.

என் முதல் தேர்வு சில்வர் டாலர். தட்டையாக, வட்டமாக, 6 அங்குலம் வரை வளரும். ஆஸ்கர் வாயில் நுழையாது. வேகமாக நீந்தி விலகிக்கொள்ளும். தண்ணீரின் நடு மட்டத்தில் கூட்டமாகத் திரியும், கீரையும் செடியும்தான் அதற்குப் பிடிக்கும், அதனால் தீனிக்குப் போட்டி குறைவு. ஒன்றிரண்டு போட்டால் பயந்து ஒடுங்கும். ஐந்தாறு வாங்குங்கள், அதுவும் 3 அங்குலத்துக்கு மேல் வளர்ந்ததாக. வாங்கும்போது ஒன்றைச் சரிபாருங்கள். பாக்கு மீனின் குஞ்சும் பார்க்கக் கிட்டத்தட்ட இப்படியே இருக்கும், வயிறு சிவந்திருக்கும். சில இடங்களில் அதைப் பிரானா என்றே சொல்லி விற்பார்கள். சாப்பாட்டு மீனாகப் பண்ணைகளில் ரூப்சந்த் என்று வளர்ப்பதும் அதைத்தான். ஒன்றரை அடி தாண்டி வளரும் அந்த மீன் வீட்டுத் தொட்டிக்கு ஆகாது.

6 அடித் தொட்டி உள்ளவர்கள் டின்ஃபாயில் பார்ப் நாலைந்து சேர்க்கலாம். 12 அங்குலம் வளரும், ஓயாமல் நீந்தும், ஆஸ்கரின் மிரட்டலை அது சட்டை செய்வதில்லை. செவரம் கிடைத்தால் நல்லது. ஆஸ்கரைப் போலவே சிக்லிட் குடும்பம், ஆனால் சாது; ஆஸ்கரின் வாயில் நுழையாத உடம்பு. பேரட் மீனைப் பற்றிக் கேட்பார்கள். அது மனிதன் கலந்து உண்டாக்கிய இனம், வாய் முழுதாக மூடாது, கடிக்கவும் முடியாது. சம அளவுள்ள சாதுவான ஆஸ்கரோடு சில வீடுகளில் ஒத்துப்போகிறது. ஆனால் சண்டை வந்தால் திருப்பித் தர அதனிடம் ஒன்றுமில்லை. நான் சேர்க்கச் சொல்ல மாட்டேன்.

சக்கர் என்னும் டேங்க் கிளீனரை எல்லோரும் கேட்காமலேயே வாங்கிவிடுகிறார்கள். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்ற நம்பிக்கை. பாசியைக் கொஞ்சம் சுரண்டும், உண்மைதான். அதைவிட அதிகமாகக் கழிவு போடும். ஓர் அடிக்கு மேல் வளரும். வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று, 5 அங்குலத்துக்குக் குறையாமல், ஒதுங்க ஒரு மரக்கட்டையோடு. இரவில் அதற்கென்று தனித் தீனி போடுங்கள். பசியில் மற்ற மீனின் உடம்பில் ஒட்டி வழவழப்பை உறிஞ்சும் பழக்கம் சில சக்கருக்கு உண்டு.

பிளவர்ஹார்னைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அது தனி ஆள், அதற்குத் தனித் தொட்டி. ரெட்டெய்ல் கேட்ஃபிஷ் 4 அங்குலக் குஞ்சாகக் கடையில் அழகாக மீசை ஆட்டும். ஓரிரு ஆண்டில் ஆஸ்கரையே விழுங்கும் வாயோடு நிற்கும், ஆறுகளில் 4 அடிக்கு மேல் வளர்வது. ஷார்க் என்ற பெயரில் விற்கும் பங்காசியஸும் அப்படித்தான், 4 அடி வரை போகும், மிரண்டு கண்ணாடியில் மோதும். சில்வர் அரோவானா இரண்டரை, மூன்று அடி வளரும். ஆஸ்கரின் அளவில் யோசித்து நாலடித் தொட்டியில் அதை வாங்குகிறவர்களைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. அதற்கு 8 அடி நீளமும் 3 அடி அகலமும் வேண்டும், எகிறிக் குதிக்காமல் கனமான மூடியும் வேண்டும். ஆசிய அரோவானா என்றால் சட்டமும் கூடவே வரும். 1975 முதல், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ள இனம் அது. 2024-இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, அத்தகைய உயிரினத்தை வைத்திருப்பவர் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். பத்திரம் இல்லாமல் கிடைப்பதை மலிவு என்று வாங்கி விடாதீர்கள்.

இரண்டு ஆஸ்கர் போடலாமா என்று கேட்டால், ஆண் பெண் வெளியே பார்த்துத் தெரியாத மீன் இது. கண்ணை மூடி இரண்டு வாங்கினால் ஒன்று மற்றதை அடித்து மூலையில் நிறுத்தும் வாய்ப்பே அதிகம். ஆறு குஞ்சு வாங்கி, தானாக ஜோடி சேரும்வரை பார்த்து மற்றவற்றைக் கொடுத்துவிடுவது பழைய வழி. கொடுக்க ஆள் முன்கூட்டியே இருந்தால் மட்டும் அதைச் செய்யுங்கள்.

சேர்க்கும் வரிசையும் முக்கியம். புது மீன் எதையும் இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்து நோய் பார்த்துவிட்டு விடுங்கள். துணை மீன்கள் முதலில், ஆஸ்கர் கடைசியில். ஏற்கெனவே ஆஸ்கர் இருக்கும் தொட்டி என்றால் கல்லையும் கட்டையையும் இடம் மாற்றி, விளக்கை அணைத்துப் புது மீனை விடுங்கள். பழைய எல்லை கலைந்துபோகும். இடம் மாற்றியதும் சில ஆஸ்கர் கோபித்துக்கொண்டு பக்கவாட்டில் படுத்துக்கிடக்கும், தீனியைத் தொடாது. தண்ணீர் சரியாக இருந்தால் ஓரிரு நாளில் எழுந்துவிடும். துடுப்பு கிழிவது, ஃபில்டர் பின்னால் ஒளிந்தே கிடப்பது, நிறம் கறுத்துப்போவது, ஓரிரு நாளுக்கு மேலும் தீனி எடுக்காமல் இருப்பது என்று ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே நடுவில் தடுப்பு வைத்துப் பிரித்துவிடுங்கள். நாளைக்குச் சரியாகும் என்று விட்டால் காலையில் ஒரு மீன் மிதக்கும்.

மீன் வளர்ந்துவிட்டது, தொட்டி போதவில்லை என்று அதைக் குளத்திலோ கால்வாயிலோ விடுவது பெரும் பாவம். 2018 வெள்ளத்தில் கேரளத்தின் சாலக்குடி ஆற்றில் அமேசானின் அரபைமா மீன் வலையில் சிக்கியது. 2023-இல் காஷ்மீரின் தால் ஏரியில் அலிகேட்டர் கார் என்னும் மீன் அகப்பட்டது. யாரோ வளர்த்துக் கைவிட்டவை, அல்லது வளர்த்த இடத்திலிருந்து தப்பியவைதான் இவை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், தாமிரபரணிப் படுகையில் மட்டுமே வாழும் சிறு கெண்டை இனங்கள் உண்டு. அவற்றுக்கு நடுவே ஆஸ்கரையோ சக்கரையோ விட்டால் திரும்ப எடுக்க முடியாது. திருநெல்வேலி, மதுரை பக்கத்துக் கடைகளில் பெரிய மீனைத் திரும்ப எடுத்துக்கொள்பவர் யார் என்று வாங்கும் முன்பே விசாரித்து வையுங்கள். தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. சந்தேகம் வந்தால் கேட்க அங்கே படித்தவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டில் 4 அடிக்கு இடமில்லை, வாரம் ஐந்து குடம் தண்ணீருக்கு வழியில்லை என்றால் ஆஸ்கரைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். 2 அடித் தொட்டியில் கப்பியும் மோலியும் வளருங்கள். நம் ஊர்க் கடினத் தண்ணீர் அவற்றுக்கு மிகவும் பிடிக்கும், குஞ்சும் போடும்.